சர்க்கரை மன்றாடியார்: காங்கேய நாட்டில் ஒரு பரம்பரைப் பட்டம்

நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார், நல்லசேனாபதி சர்க்கரை மன்றாடியார். காங்கேயத்தை அடுத்த பழையகோட்டையில் தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இவை. இவற்றில் பெற்றோர் வைத்த பெயர் எவ்வளவு, பட்டம் எவ்வளவு என்று வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டால் சட்டென்று சொல்லிவிட முடியாது. நல்லதம்பி என்பது வீட்டில் வைத்த பெயர். சேனாபதி என்பது எப்போதோ ஒரு படையை நடத்திய நினைவு. சர்க்கரை என்பது குடும்பம் முழுவதும் சுமக்கும் பெயர். மன்றாடியார் என்பது அதைவிடப் பழையது.

இந்தக் கடைசிச் சொல்லில் சற்று நிற்க வேண்டும். மன்றாடுதல் என்றால் இன்று நமக்குக் கெஞ்சுவது. சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் மன்றாடி என்றால் ஆடு மாடு வளர்ப்பவர். நந்தா விளக்கு எரிக்க நிவந்தமாகத் தரப்பட்ட 'சாவா மூவாப் பேராடு'களை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் கோயிலுக்கு நெய் அளக்க ஒப்புக்கொண்டவர்கள் மன்றாடிகள். மன்று என்ற சொல்லே ஊர் கூடி வழக்குப் பேசும் மரத்தடிக்கும் ஆக்கள் கூடும் தொழுவத்துக்கும் பொதுவாக வழங்கியது. பிற்காலத்தில் மாட்டினத்தால் பெயர்பெற்ற ஒரு குடும்பத்தின் பட்டத்துக்குள் இந்தச் சொல் இருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம். வேளாளர் பட்டமாக அது எந்த வழியில் வந்து சேர்ந்தது என்பது வேறு விவாதம். ஆனால் மன்றும் மந்தையும் ஒரே பெயருக்குள் குடியிருக்கின்றன. பழையகோட்டையின் கதையும் அந்த இரண்டையும் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

பரம்பரைப் பட்டம் என்றதும் பலருக்கும் இங்கிலாந்து நினைவுக்கு வரும். அங்கேயும் பட்டச் சொற்களைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் ஒரு வேலை தெரிகிறது. 'லார்டு' என்பதன் பழைய ஆங்கில வடிவம் ரொட்டியைக் காப்பவன் என்று பொருள்படும். 'டியூக்', படையை நடத்தும் தலைவனைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, நம் சேனாபதிதான். 'மார்ஷல்' என்பவர் தொடக்கத்தில் குதிரைக் கொட்டிலின் பணியாள். ஆக, ரொட்டி, படை, குதிரை அங்கே. சர்க்கரை, சேனை, மந்தை இங்கே. வேலையின் பெயராகப் பிறந்த சொல் அந்த வேலை போன பிறகும் மகனுக்கும் பேரனுக்கும் ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது? ஒட்டியதில் எது நிலைக்கிறது, எது உதிர்கிறது? பழையகோட்டையை முன்னிறுத்தி இந்தக் கேள்வியைப் பார்க்கலாம்.

கொங்கு நாட்டை 24 நாடுகளாகச் சொல்வது மரபு. அவற்றில் ஒன்று காங்கேய நாடு. கொங்கு வேளாளரிடையே பட்டக்காரர் என்ற தலைமை பரம்பரையாக வந்தது. பழையகோட்டை, காடையூர், புதூர், சங்கரண்டாம்பாளையம் என்று நான்கு பட்டக்காரர்களைச் சேர்த்துச் சொல்வார்கள். இவர்கள் எல்லாருடைய ஊர்களும் இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் கிழக்கிலும் தெற்கிலும் சுற்றுவட்டமாக இருப்பவை. பட்டக்காரரின் வேலை என்னவென்றால், ஊர்க்கவுண்டர் அளவில் தீராத வழக்கைத் தீர்ப்பது, சாதிக்கட்டை மீறியவரைத் தள்ளுவது அல்லது திரும்பச் சேர்ப்பது, திருவிழாவில் முதல் மரியாதை பெறுவது, அந்த மரியாதைக்கு ஈடாகச் செலவைத் தாங்குவது. 1960களின் நடுவில் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், 1972இல் வெளிவந்த தம் நூலில் கொங்கின் இந்த அடுக்குகளை விரிவாக எழுதியிருக்கிறார். சாதி, குலம், காணி, கோயில் என்று எல்லாம் ஒன்றோடொன்று முடிச்சிட்டுக் கிடப்பதை அதில் காணலாம்.

இதே சமூகத்தில் பிறப்பால் வராத பட்டம் ஒன்றும் உண்டு. கல்யாணங்களை நடத்திவைக்கும் அருமைக்காரர். மணமாகிக் குழந்தை பெற்று, மனைவியோடு சேர்ந்து அருமைச் சடங்கு செய்துகொண்ட பிறகே ஒருவர் அருமைக்காரர் ஆகிறார். அவர் மகன் பிறந்ததனாலேயே அருமைக்காரர் ஆகிவிடமாட்டான். ஒரே முற்றத்தில், ஒரே பந்தலின் கீழ், பிறந்து வந்த பட்டமும் செய்து பெற்ற பட்டமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கொங்குப் பட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு எப்போதும் குறையாகவே பட்டிருக்கிறது.

பட்டக்காரர், பாளையக்காரர் குடும்பப் பெயர்களில் ராயர் என்று முடிபவை பல உண்டு. பல்லவராயர், காலிங்கராயர், வாணவராயர். சோழ, பாண்டிய அரசர்கள் தம் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் கொடுத்த பட்டங்கள் இவை. முதலாம் குலோத்துங்கன் காலத்து மணவிற் கூத்தன் காலிங்கராயன் தொண்டை நாட்டுக்காரர். பவானியாற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்டிய காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டுக் கொங்கு அதிகாரி. இருவருக்கும் உறவு ஏதும் இல்லை, பட்டம் மட்டுமே பொது. பிறகு அந்தப் பட்டமே குடும்பப் பெயராக உறைந்து, பொள்ளாச்சியை அடுத்த ஜமீன் ஊத்துக்குளியில் பரம்பரையாக நின்றது. (வெண்ணெய்க்குப் பேர்போன, திருப்பூர் பக்கத்து ஊத்துக்குளி வேறு ஊர்.) காலிங்கராயன் வாய்க்கால் பவானியில் தொடங்கி 90 கிலோமீட்டருக்குமேல் வளைந்து வளைந்து ஓடி நொய்யலில் சேர்கிறது. 700 ஆண்டு கழித்தும் அந்தப் பெயரை ஈரோட்டு வயல்காரர் தினமும் சொல்வது ஜமீனால் அல்ல, தண்ணீர் முறைக்காக.

பழையகோட்டை மரபின் கிளையில் வந்த இன்னொருவரைத் தமிழ்நாடு முழுவதும் தெரியும், ஆனால் பட்டப் பெயரால் தெரியாது. 1756இல் காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் பிறந்த தீர்த்தகிரி சர்க்கரை மன்றாடியார். மைசூர் அரசுக்குக் கொண்டுபோன வரிப்பணத்தைப் பறித்துவிட்டு, 'சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே இருக்கும் சின்னமலை பறித்தான் என்று போய்ச் சொல்' என்று அவர் சொல்லி அனுப்பியதாகக் கதை. அதன் பிறகு அவர் தீரன் சின்னமலை. ஓடாநிலையில் கோட்டை கட்டி ஆங்கிலேயரை எதிர்த்தவரை 1805இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். ஒவ்வோர் ஆடிப் பதினெட்டிலும் அங்கே கூட்டம் சேர்கிறது. பரம்பரையில் வந்த சேனாபதியும் சர்க்கரையும் மன்றாடியாரும் கையில் இருக்க, இரண்டு மலைகளுக்கு நடுவே மூன்றாவதாகத் தன்னை நிறுத்திக்கொண்டு தானே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். மக்கள் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவரோடு சேர்ந்து நினைக்கப்படுகிற பொல்லான், அருந்ததியர். சின்னமலையின் ஒற்றராக இருந்து எதிரியின் நடமாட்டத்தைச் சொல்லி அனுப்பியவர் என்று மரபு சொல்கிறது. அவருக்குப் பட்டம் எதுவும் இருந்ததாக யாரும் பாடவில்லை.

1799இல் கொங்கு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத்துப் பாளையங்கள் சில ஜமீன்களாக நீடித்தன. மற்ற இடங்களில் பெரும்பாலும் ரயத்துவாரி முறை. பயிரிடும் பட்டாதாரரிடமே அரசு நேராக வரி வாங்கும்போது நடுவில் பட்டக்காரருக்கு என்ன வேலை? வழக்குக்கு முன்சீப் கோர்ட்டு வந்துவிட்டது. படைக்கு அவசியமே இல்லை. மன்றும் போய், சேனையும் போய், பெயர் மட்டும் எஞ்சியது. ஆங்கிலேயர் தம் பங்குக்கு வேறு பட்டங்களைக் கொண்டுவந்தார்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர், அதற்கும் மேலே சர். கோவையில் ஆர்.எஸ்.புரத்துக்குத் தம் பெயரைத் தந்த இரத்தினசபாபதி முதலியார் திவான் பகதூர். நூற்பாலை தொடங்கிய ராபர்ட் ஸ்டேன்ஸ், பின்னாளில் இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருவரும் சர். இவை எல்லாம் ஓர் ஆயுளோடு முடிபவை. தந்தை ராவ் பகதூராக இருந்தால் மகன் வெறும் மகன்தான்.

பரம்பரையாக வரும் பட்டத்தை ஆங்கில அரசு இந்தியர்களுக்கு மிக அரிதாகவே கொடுத்தது. இங்கிலாந்தில் 1611இல் முதலாம் ஜேம்ஸ் தொடங்கிய 'பாரனெட்' பட்டம் முதலில் பணத்துக்குக் கொடுக்கப்பட்டது. அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதிக்கு 30 சிப்பாய்களை 3 ஆண்டு வைத்துக்கொள்ளும் செலவு, 1,095 பவுண்டு. அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் பம்பாய் வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய், 1857இல். திருப்பூர்க்காரர் கவனிக்க வேண்டியது அடுத்து வந்தவர்களை. 1890இல் பட்டம் பெற்ற தின்ஷா பெட்டிட் பம்பாயின் பஞ்சாலை முதலாளி. 1913இல் பெற்ற சினுபாய் மாதவ்லால் குடும்பம், அகமதாபாதில் முதல் பஞ்சாலையைத் தொடங்கிய ரஞ்சோட்லால் சோட்டாலாலின் குடும்பம். நூலும் துணியும் ஈட்டிய செல்வம்தான் பம்பாயிலும் அகமதாபாதிலும் பரம்பரைப் பட்டமாக மாறியது. தமிழ்நாட்டில் அதற்கு நெருக்கமானது, 1929இல் அண்ணாமலை செட்டியாருக்குப் பரம்பரை உரிமையோடு தரப்பட்ட 'ராஜா' பட்டம். அதே ஆண்டு தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அந்தப் பட்டத்தைவிட அதிகம் பேருக்குப் பயன்பட்டிருக்கிறது என்பதை அவர் குடும்பத்தாரே மறுக்கமாட்டார்கள்.

ஜீஜீபாய் பட்டத்தில் ஒரு விநோதமான ஏற்பாடு உண்டு. பட்டத்துக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பெயரையே ஏற்க வேண்டும் என்று 1860இல் சட்டமே செய்தார்கள். சொந்தப் பெயர் அத்தோடு மறைந்துவிடும். அந்தப் பட்டத்துக்கு ஒரு சட்டமே வேண்டியிருந்தது. பழையகோட்டையில் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமே போதுமாக இருந்தது. பிரபுக்கள் சபையில் இந்தியர் பெற்ற ஒரே பரம்பரை இடமான சின்ஹா பிரபு பட்டத்தின் கதை இன்னும் வருத்தமானது. 1919இல் தந்தை சத்யேந்திர பிரசன்ன சின்ஹா பெற்ற பட்டத்துக்கு, 1928இல் அவர் இறந்த பின் மகன் வாரிசு என்று மெய்ப்பித்துச் சபையில் அமர 1939 வரை ஆயிற்று. இங்கே ஊர் கூடித் தலைப்பாகை கட்டிவிட்டால் ஒரே நாளில் முடிகிற காரியம்.

விடுதலை வந்தது. அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ராணுவ, கல்விச் சிறப்புகளைத் தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கக் கூடாது என்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது. 1971இல் 26ஆம் திருத்தம் மன்னர்களின் மானியத்தையும் அங்கீகாரத்தையும் எடுத்தது. நில உச்சவரம்பு 1961இல் 30 தரநிலை ஏக்கர், 1970இல் 15. பத்மபூஷண் போன்ற விருதுகளைக்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. இவை எல்லாம் வேண்டிய மாற்றங்கள். பட்டக்காரர் என்ற பட்டத்தை அரசு கொடுக்கவில்லை என்பதால் எந்தச் சட்டமும் அதைப் பறிக்கவில்லை. அதற்கு அடியில் இருந்த நிலத்தைத்தான் தொட்டது.

ஆனால் பழையகோட்டையில் இன்னொரு பிடிமானம் இருந்தது. அது மாடு.

காங்கேயம் வறண்ட மண். மழை குறைவு. அந்த மண்ணில் உழுது நட்டமடைவதைவிட மேய்ச்சலுக்கு விடுவது மேல் என்று கண்டு, முன்னோர் கொரங்காடு என்ற முறையை உருவாக்கினார்கள். உயிருள்ள முள்கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். நிழலுக்கும் காய்க்கும் அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் அடங்கியதும் கடவைத் திறந்து அடுத்த காட்டுக்கு மாட்டை மாற்றுவார்கள். காவலுக்கு ஆள் தேவையில்லை, வேலியே காவல். பிறக்கும்போது கன்று செவலையாக இருக்கும். ஆறு மாதத்தில் நிறம் மாறத் தொடங்கி மயிலை ஆகும். காளைக்குத் திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறும். மயிலை, பிள்ளை, செவலை, காரி என்று நிறத்துக்கு ஒரு பெயர். கமலை இறைக்கவும் பாரவண்டி இழுக்கவும் இதைப்போல மாடு இல்லை என்பது கொங்கு விவசாயியின் தீர்ப்பு. 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்த இனத்தைத் தேர்ந்து வளர்த்து நிலைப்படுத்தியவர் என்று கால்நடை நூல்கள் குறிப்பிடுவது பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரை. நல்ல பொலிகாளையை விற்காமல் வைத்துக்கொள்வது, எந்தப் பசுவை எந்தக் காளைக்கு விடுவது என்று கணக்கு வைப்பது, அடங்காத குணமும் கோணல் கொம்பும் உள்ளதைக் கழிப்பது. பத்து ஏக்கர்காரருக்கு இது முடியாது. விளைவு தெரிய ஐந்தாறு கன்றுத் தலைமுறை பொறுக்க வேண்டும். பெரிய நிலமும், அவசரத்துக்கு விற்க வேண்டாத கையிருப்பும், 'என் மகன் இதைத் தொடர்வான்' என்ற உறுதியும் சேர்ந்த இடத்தில்தான் அது நடக்கும்.

பரம்பரைப் பட்டத்துக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான சொல் இதுதான் என்று நினைக்கிறேன். ஓர் ஆயுளில் முடியாத வேலை ஒன்றை அது தாங்கியது. இங்கிலாந்திலும் 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர எல்லாரையும் சபையிலிருந்து வெளியேற்றியபோது, நார்ஃபோக் பிரபுவின் இடம் 'ஏர்ல் மார்ஷல்' என்ற முறையில் தங்கியது. முடிசூட்டு விழாவை நடத்துவது அவர் குடும்பத்தின் பொறுப்பு, 2023இலும் நடத்தினார்கள். குதிரைக்காரர் பட்டம் ஒரு வேலையைக் கையில் வைத்திருந்ததால் நின்றது. மன்றாடியார் பட்டம் மந்தையைக் கையில் வைத்திருந்ததால் நின்றது.

இதை எழுதும்போதே இன்னொன்றையும் எழுதாமல் விட முடியாது. விடிகாலையில் கடவைத் திறந்தது யார்? சினைப்பசுவை இராமுழுதும் பார்த்துக்கொண்டது யார்? கொங்கின் பண்ணயங்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். பண்ணையாரைப் பண்ணாடி என்று விளித்து, வருடக் கூலிக்கு நின்று, பிள்ளைகளையும் ஆடு மாடு மேய்க்க விட்டவர்கள். அந்தப் பிள்ளைகளின் உலகத்தைப் பெருமாள்முருகன் 'கூளமாதாரி' நாவலில் எழுதினார். காளையின் குணத்தை ஒரு பார்வையில் சொல்லக்கூடிய அறிவு அவர்களிடமும் தலைமுறை தலைமுறையாகத்தான் வந்தது. அந்தப் பரம்பரைக்குப் பட்டமும் இல்லை, பங்கும் இல்லை. பட்டக்காரர் வழங்கிய நியாயமும் அவர்களைத் திண்ணைக்குக் கீழே நிறுத்தியே வழங்கப்பட்டது. அந்த அதிகாரம் போனதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை.

மகள்களின் கதையும் அப்படித்தான். பட்டம் மூத்த மகனுக்கு. நிலத்தைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுவதும் 2005இல், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் ஆயிற்று. பட்டத்துக்கு அப்படி ஒரு திருத்தம் இங்கும் வரவில்லை, பிரிட்டிஷ் பாரனெட் பட்டங்களுக்கும் வரவில்லை.

காங்கேயத்திலிருந்து திருப்பூர் ரோட்டில் போனால் கொரங்காடுகள் குறைந்து, மனைப்பிரிவுக் கற்கள் கூடி, அப்புறம் பனியன் கம்பெனிகள் தொடங்கிவிடும். 1970களுக்குப் பின் அந்தக் கம்பெனிகளைக் கட்டியவர்களில் பலர் இதே வறண்ட காடுகளிலிருந்து போன சிறு விவசாயிகளின் பிள்ளைகள். கட்டிங் மேசையிலும் தையல் மெஷினிலும் தொடங்கி முதலாளி ஆனவர்கள். அவர்களைப் பற்றி ஷரத் சாரி 2004இல் எழுதிய நூல், 'உழைப்பு' என்ற சொல்லைத்தான் அவர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொன்னதாகக் காட்டுகிறது. பட்டக்காரரின் மரியாதை முறைக்கு வெளியே, சொந்தக் கையால் பெற்ற பெயர் என்ற பெருமை அதில் இருக்கிறது. அருமைக்காரர் மரபுக்கு நெருக்கமான பெருமை. அவர்கள் உழைப்போடு தொழிலாளர் உழைப்பும் சேர்ந்துதான் அந்தப் பெயர் வந்தது என்பதை அவர்கள் சொல்லும் கதை பெரும்பாலும் விட்டுவிடுகிறது. சாரி அதையும் கவனிக்கிறார்.

இப்போது அந்த முதல் தலைமுறைக்கு வயதாகிவிட்டது. மகனும் பேத்தியும் கம்பெனிக்கு வருகிறார்கள். நிலத்தைப் பாகம் பிரிக்கலாம், மெஷினையும் பிரிக்கலாம். ஆனால் கம்பெனிப் பெயரை எப்படிப் பிரிப்பது? வெளிநாட்டு வாங்குபவருக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான். அண்ணனுக்குப் பெயர், தம்பிக்குக் கட்டடம் என்று பாகப் பத்திரம் எழுதுவதை இந்த வட்டாரத்தில் நானே பார்த்திருக்கிறேன். பட்டத்தைப் பிரிக்க முடியாது என்று பாளையங்கள் எதிர்கொண்ட அதே சிக்கல், பின்னலாடை முத்திரையின் வடிவத்தில் திரும்ப வந்திருக்கிறது. இந்த முறை மகள்கள் பலர் அலுவலக அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நல்ல மாறுதல்.

மாட்டுக்கு என்ன ஆயிற்று? டிராக்டரும் மோட்டாரும் வந்து கமலையும் வண்டியும் போனதும் காளைக்கு வேலை போயிற்று. பால் குறைவு என்பதால் கலப்பினம் உள்ளே வந்தது. சாயக் கழிவு ஓடிய நொய்யல் கரைகளில் கிணற்று நீர் கெட்டு, விவசாயமே விட்டுப்போயிற்று. 2000இல் அஞ்சல் துறை காங்கேயம் காளைக்குத் தபால்தலை வெளியிட்டபோது இனம் மெலிந்துகொண்டிருந்தது. காப்பாற்றும் வேலையை இன்று குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை செய்கிறது. அதோடு கண்ணபுரத்துத் தேர்த்திருவிழாவின் மாட்டுச் சந்தையும், பழையகோட்டையில் கூடும் மாட்டுத்தாவணியும், பெயர் வெளியே தெரியாத நூற்றுக்கணக்கான சிறு விவசாயிகளும் செய்கிறார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களுக்குக் காங்கேயம் ஓர் அடையாளம் ஆனதும் சந்தையில் விலையைத் தூக்கியிருக்கிறது.

தாவணியில் மாடு பார்க்க வருகிறவர் முதலில் பல் பார்க்கிறார், பிறகு சுழி பார்க்கிறார், பிறகு 'யாரு பட்டி மாடுங்க?' என்று கேட்கிறார். விற்பவர் தாய்ப்பசு எந்தத் தோட்டத்தில் நின்றது, அதன் தாய் யாரிடமிருந்து வந்தது, எந்தக் காளைக்கு விட்டது என்று மூன்று தலைமுறை சொல்லுகிறார். இது இன்னும் பெரும்பாலும் வாய்க்கணக்காகவே இருக்கிறது. எழுதப்பட வேண்டும். குடும்பத்துக்குள் பூட்டிவைத்த நோட்டாக இல்லாமல், எந்தச் சாதியின் சிறு விவசாயியும் ஒரு மயிலைக் கன்றை ஓட்டிக்கொண்டு வந்து பதிந்துகொள்ளக்கூடிய பொதுப் பதிவேடாக வேண்டும். அதில் தாய், தகப்பன், சுழி, நிறம், பட்டி உரிமையாளர் என்ற கட்டங்களுக்கு அடுத்து, மேய்த்தவர் பெயர் என்று ஒரு கட்டமும் வேண்டும்.